சிவக்காத பட்டை

உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அமல்ராஜ் சாரின் தம்பி போன் செய்தார். "சார், அண்ணன் போய்ட்டாருங்க. எங்க கெணத்துல மோட்டார் ஃபுட்வால்வு பாக்க எறங்கினாரு. வெஷக்காத்து." பிறகு அவரே சொன்னார்: "பட்டைய வுட்டுப் பாத்துட்டுதான் சார் எறங்கினாரு. செவக்கவே இல்ல."

அந்தப் பட்டை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நானும் அமல்ராஜ் சாரும் செய்தது. போர்ஃபிரின் என்ற ஒளிரும் சாயத்தைக் கலந்து வார்த்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் படலம். ஊதா டார்ச் அடித்தால் சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பு பல மடங்கு கூடும். சங்கராபுரம் பக்கம் கிணறுகளில் தூர் வார இறங்கிச் செத்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். பட்டையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விடலாம் என்ற யோசனை அவருடையது. நல்ல யோசனை.

சிவப்பின் அளவை நம்பக்கூடாது, டார்ச்சை அணைத்தபின் ஒளிர்வு மறைய எடுக்கும் நேரத்தைக் கருவி வைத்து அளக்க வேண்டும் என்று வாதாடினேன். "யோவ், குடியானவன் உன் மிஷின தோள்ல போட்டுக்கினா போவான்? கண்ணு இருக்குதுய்யா அவனுக்கு" என்றார். ஆய்வகமே சிரித்தது.

பட்டையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது அதில் என் பெயர் இல்லை. "வுட்டுப் போச்சிய்யா. அடுத்ததுல போட்டுடறேன்" என்றார். அடுத்தது வரவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக மன்னித்துவிட்டதாக எழுத மாட்டேன்.

கோடையில் கரியாலூர் வரை வண்டியில் போய் விவசாயிகளுக்குப் பட்டைகளைச் சும்மாவே கொடுத்தார். தனக்கென்று வைத்திருந்தது ஹேண்டில்பாரில் தொங்கியது. ஒருநாள் கல்லூரியில் அவர் சாப்பிடப் போனபோது அதை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். சாயத்தின் அளவைக் காட்டும் உறிஞ்சல் முகடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. போர்ஃபிரினை வெயில் தின்றிருந்தது. அப்படிப்பட்ட பட்டை கெட்ட காற்றிலும் மங்கலாகவே இருக்கும். மங்கலாக இருந்தால் இறங்கலாம் என்றுதான் அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்திருந்தார். தானே கண்டுபிடிக்கட்டும் என்று அந்த அளவீட்டின் வரைபடத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். பட்டையை எடுத்த இடத்திலேயே மாட்டினேன்.

அடக்கம் முடிந்ததும் வரைபடத்தைத் தம்பியிடம் காட்டினேன். "இது எப்ப எடுத்தது சார்?" என்றார். சொன்னேன். அதன்பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

பட்டை கொடுத்த ஊர்களை அமல்ராஜ் சார் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அவருடையதாக இப்போது என்னிடம் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். நான்கு ஊர்களில் திரும்ப வாங்கிவிட்டேன். மற்ற ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், பட்டையை நம்பி யாரும் இறங்க வேண்டாம். இன்னும் பதின்மூன்று ஊர்கள் இருக்கின்றன. கிணறுகளில் தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது.