நேர்ந்துவிட்ட சேவலுக்கு ஊசி

என் மகள் டைபாய்டில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் மலைக்கு ஒரு சேவல் விடுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். குஞ்சாக வாங்கி, காலில் மஞ்சள் துணி கட்டி வளர்த்தோம். ஆடிக் கிருத்திகைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அதற்குள் அது வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டில் மகள் கை வைப்பதற்கு முன் அது அலகை வைக்கும்.

ஆடி பிறந்ததும் சேவலுக்கு முகம் வீங்கியது. ஒரு கண் மூடிக்கொண்டது. மூக்கில் வடிந்த சளி நாறியது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாதுக்கா. சந்தையில வேற ஒண்ணு வாங்கி வுட்டுடு" என்றாள். நேர்ந்துவிட்ட சேவல் மலைக்குப் போவதற்குள் செத்தால் சாமி அதை ஏற்கவில்லை என்பார்கள் எங்கள் தெருவில். ஏற்காவிட்டால் பதிலுக்கு எதைக் கேட்பார்? அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் மார்புச் சதையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார். மறுநாளிலிருந்து அவர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட ஊர் ஊராகப் போக வேண்டுமாம். கண்ணாடி சிரிஞ்சையும் மருந்துப் புட்டியையும் என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"சாய்ச்சுக் குத்துங்கம்மா. நேரா எறக்குனா ஈரக்கொலையில பட்டுடும்" என்றார். தைரியம் சொல்கிறாராம்.

மறுநாள் வீட்டில் என் கணவர், "சேவலுக்கு எதுக்கு ஊசி? முருகன் பாத்துக்குவாரு" என்றார்.

"பாத்துக்கினுதான் இருக்காரு. நீங்க றெக்கையைப் புடிங்க" என்றேன். வாய்தான் பெரிது. குத்துவதற்கு முன் இரண்டு தடவை சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றைக்கு எப்படியோ போட்டுவிட்டேன். மறுநாள் ஊசியை வெளியே இழுத்ததுமே சேவலின் கழுத்து துவண்டது. றெக்கை இரண்டும் தொங்கிப்போயின. ஈரக்குலையில் குத்திவிட்டேன், கொன்றே விட்டேன் என்று நினைத்தேன். கணவர் தண்ணீர் எடுக்க ஓடினார். நான் தெருவுக்கு ஓடினேன். அங்கே கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்த மகளை இழுத்து, நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தாள். நம்பிக்கை வராமல் மறுபடியும் வைத்தேன்.

அவள் என் கையைத் தட்டிவிடவில்லை. முகத்தையே பார்த்தாள். "சேவல் செத்துப்போச்சாம்மா? அப்ப எனக்குத் திரும்ப ஜுரம் வருமா?" என்று கேட்டாள்.

இந்தப் பயமெல்லாம் பெரியவர்களோடு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதற்குள் உள்ளிருந்து கணவர் கூப்பிட்டார். "கண்ணைத் தொறந்துடுச்சு. வா, வந்து பாரு."

இருவரும் உள்ளே போனோம். சேவல் குடிகாரன் மாதிரி தள்ளாடி எழுந்து நின்றது. மகள் அதன் பக்கம் போகவில்லை. சுவரோடு சாய்ந்தபடி, தன் கழுத்தைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.