ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்த நாட்கள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் இன்றைக்கு நல்லபடியாக இருக்கின்றன. உப்பிலியபுரத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இதை எழுத எத்தனை நாள் பிடித்தாலும் பிடிக்கட்டும், எனக்கென்ன அவசரம்.

ஸ்ரீரங்கத்துக்கு வாழ வந்ததிலிருந்து காலையில் தனியாகக் கோயிலுக்குப் போய் வருவது என் வழக்கம். யார் கையையும் பிடித்துக்கொண்டு போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஒரு நாள் கொடிமரத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காது அடைத்தது. பின்கழுத்தை யாரோ அமுக்குவது போல ஒரு வலி. கொஞ்ச நேரத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது. கோயிலில் தினமும் பார்க்கும் ஒரு அம்மாளிடம் சொன்னேன்.

"பெருமாள் உங்களத் தொட்டிருக்காரு. எல்லாருக்கும் கெடைக்குமா அது?" என்றாள்.

உடம்பு சிலிர்த்துப்போனது. மறுநாளும் அப்படியே வந்தபோது, என்மேல் அவருக்குப் பிரியம் என்றே இருந்தேன்.

ஆனால் வீட்டில் பாயை விட்டு எழும்போதும் அது வந்தது. கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டு எழும்போதும் வந்தது. கீரை ஆய்கிற இடத்துக்கெல்லாம் பெருமாள் வருவாரா என்று எனக்கே இடித்தது. வெளியே சொன்னால் மகன் என்னைத் தனியாகக் கோயிலுக்கு விடமாட்டான். வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் ஃப்ரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், தெளிந்ததும் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

என் மருமகளுக்கு அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை. செய்து வைத்த இரும்புச் சாமானில் கீறலோ கோணலோ இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. ஃப்ரிட்ஜ் கதவு லேசாகத் திறந்து கிடக்கிறது என்று என் பேத்தியைத் திட்டினாள். "நான் இல்லம்மா" என்று அது அழுதது. பேத்தி மாமா வீட்டுக்குப் போயிருந்த நாளிலும் கதவு திறந்தே கிடந்தது. மருமகள் அதன் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அதற்கப்புறம் நான் எழும்போதெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எந்திரிச்சதும் கண்ணு இருட்டுதா?"

"யாரு சொன்னா?"

"ஃப்ரிட்ஜ் சொல்லுச்சு."

"அது பெருமாளோட கடாட்சம்மா. ஒனக்குத் தெரியாது."

"பெருமாளா இருந்தா நீங்க உக்காந்திருக்கையிலயும் வரணும்ல? எந்திரிச்சா மட்டும் வராரு, உக்காந்தா போயிடுறாரு. பிரஷர் எறங்குது அத்தை."

"ஏறுதுன்னுல்ல எனக்கு மாத்திரை குடுத்திருக்காங்க?"

"அதான் எனக்குச் சந்தேகமே. வெறும் வயித்துல அந்த மாத்திரை. வரிசையில நிக்கையில ஒண்ணுக்கு வந்துடும்னு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. அப்புறம் உடம்பு என்ன செய்யும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் குடிக்காமல் கோயிலுக்குப் போவது எங்கள் பெண்களுக்கு ஊறிப்போன பழக்கம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அதையும் பார்த்து வைத்திருக்கிறாளே!

மன்னார்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். நர்ஸ் என்னை உட்கார வைத்துப் பிரஷர் பார்த்து, "நார்மல்" என்றது. மகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"உக்காந்தா அவங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க டாக்டர். எந்திரிக்கையிலதான்" என்றாள் மருமகள்.

டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்துப் பார்த்தார். பிறகு நிற்க வைத்துப் பார்த்தார். நன்றாகவே இறங்கியிருந்தது. "நல்லவேளை சொன்னீங்க. விழுந்து இடுப்பு ஒடஞ்சப்புறம்தான் நெறைய பேர் வராங்க" என்று மாத்திரையை மாற்றி எழுதினார்.

ஆட்டோவில் ஏறியதும் மகன் ஆரம்பித்தான். "இனிமே கோயில் வேணாம்மா. டிவியில காட்டுறாங்கல்ல, அதுல கும்பிட்டுக்கங்க."

எனக்கு அழுகை முட்டியது. வெளியே பார்த்துக்கொண்டேன்.

"கோயில் என்ன பண்ணுச்சு பாவம்?" என்றாள் அவள். "சட்டுனு எந்திரிக்காம இருந்தாப் போதும். நீங்க காலையில படுக்கைய விட்டு எந்திரிக்க முக்கா மணி நேரம் எடுத்துக்கறீங்க. அவங்க ஒரு நிமிஷம் எடுத்துக்கக் கூடாதா?"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார்.

கொஞ்ச நாள் அவளும் என்கூட வந்தாள். கும்பிட்டுத் தலை நிமிர்ந்ததும் மண்டியிட்டபடியே இருந்து ரங்கா ரங்கா என்று சொல்லிக்கொள்வேன். பிறகு நன்றாக உட்கார்ந்து காலை நீட்டி மடக்கி, மெதுவாக எழுவேன். கண் மங்கினால் கூச்சப்படாமல் மறுபடி உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. ஒருநாள் பையில் தண்ணீர் பாட்டிலை வைத்து, "போயிட்டு வாங்க அத்தை" என்று வாசலோடு நின்றுகொண்டாள். இப்போதும் தனியாகத்தான் போகிறேன். கோயிலில் அந்த அம்மாளுக்கும் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்து பேரை வளர்த்தவள் நான். எந்தப் பிள்ளைக்கு என்ன நோவு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என்னை அப்படிப் பார்க்க ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறாள். மருமகளை நேருக்கு நேர் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. இனிமேல் அது வரவும் வராது. அதனால்தான் இத்தனையும் எழுதினேன்.

"ஏ கண்ணு, இங்க வா. நீ வாங்குன திட்டும் இதுல இருக்கு. மொதல்லருந்து படிச்சுக் காட்டு. முணுமுணுக்காம சத்தமாப் படி. அடுப்படியில ஒங்கம்மாவுக்குக் கேக்கணும்."