ராகுகாலத்தில் ஒரு சைக்கிள்

என் பழைய சைக்கிள் போன கோடையில் என்னைக் கைவிட்டது. பெடலுக்கு மேலே, பிரேமில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. திருத்தும் கடைக்காரர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இனி இதை ஓடவே கூடாது என்றார். ஒட்டித் தர முடியாதா என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் என்றால் வெல்டிங் கடையில் நின்ற நிலையிலேயே ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்துத் தந்திருப்பார்கள். இவரோ, நான் ஏதோ சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டதுபோலப் பார்த்தார். புதிதுதான் வாங்க வேண்டுமாம். எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

நாங்கள் இருப்பது பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. விடியற்காலையிலேயே அங்கே நிற்க வேண்டும். பஸ்ஸில் போகலாம், இரண்டு இடத்தில் மாற வேண்டும். கணவர் காரில் கொண்டுபோய் விடவும் செய்வார். ஆனால் சைக்கிளில் போகிற அந்த நேரம் மட்டும்தான் ஒரு நாளில் என்னிடம் யாரும் எதுவும் கேட்காத நேரம். வீட்டில் கேட்பார்கள், வேலையில் கேட்பார்கள், கோயிலுக்குப் போனாலும் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட என்னைத்தான் தேடுவார்கள். சைக்கிளில் ஏறிவிட்டால் நான் யாருக்கும் அகப்படமாட்டேன். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

சைக்கிள் உடைந்த செய்தி பரவியதும் ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கினார்கள். என் முழங்கால் நோவைக் காரணம் காட்டி, கணவர் பற்றரி சைக்கிள் வாங்கச் சொன்னார். அந்தப் பாரத்தைத் தினமும் நிலவறைக்குள் இறக்கி ஏற்றுவது யார் என்று கேட்டேன். பிராங்பேர்ட்டில் படிக்கும் மகள், மட்காட்டும் கரியரும் இல்லாத மெலிந்த சைக்கிள்களின் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். அதில் சேலை கட்டிக்கொண்டு மழையில் ஒரு தரம் கோயிலுக்குப் போய்ப் பார்க்கட்டும் அவள். கணவரின் தம்பி ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து சைக்கிளில் குந்தியதே இல்லை. அவரும் போனில் கூப்பிட்டு கியரைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார்.

கடைகளில் வேறு விதமான தொல்லை. றோட்டுக்கும் காட்டுப் பாதைக்கும் பொதுவான சைக்கிள் என்று காட்டியதெல்லாம் என் இடுப்புக்கு மேலே நின்றன. ஒரு கடையில் என் உயரத்தைப் பார்த்துவிட்டு, நேரே பிள்ளைகளின் பகுதிக்கு அழைத்துப் போனார்கள். ஐம்பத்திரண்டு வயதில் பக்கவாட்டில் நெருப்புப் படம் போட்ட சைக்கிளில் நான் வேலைக்குப் போக வேண்டுமாம். இன்னொரு கடையில், பத்துக் கிலோ அரிசிப் பையைக் கரியர் தாங்குமா என்று கேட்டேன். அரிசியை ஏன் சைக்கிளில் கொண்டுபோகிறீர்கள் என்று அந்த விற்பனையாளர் உண்மையிலேயே அறிய விரும்பினார். எனக்கு வந்த கோபத்தில் ஜெர்மன் மொழியே மறந்துபோனது.

கடைசியில் ஒரு சின்னக் கடையில் அது கிடைத்தது. கடும்பச்சை நிறம், தாழ்ந்த பிரேம், முழு மட்காட், உறுதியான கரியர். கடையின் முற்றத்தில் ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். இறங்க மனம் வரவில்லை. என் அளவில் ஒன்றை வரவழைத்து, பாகங்களைப் பூட்டித் தருவதாகச் சொல்லி, எடுத்துப்போக நாளும் நேரமும் குறித்து டெர்மின் தந்தார்கள்: செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரை.

கணவர் குளிர்சாதனப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் தமிழ்க் கலண்டரைப் பார்த்தார்.

"அது ராகுகாலம். புது வாகனம் எடுக்க ஏலாது. நேரத்தை மாத்தும்."

சைக்கிளும் வாகனமா என்று வாதாடிப் பார்த்தேன். சக்கரம் இருந்தால் வாகனம்தானாம். அவர் மனம் குழம்பினால் வீடே குழம்பும் என்பதால் கடைக்குப் போன் எடுத்தேன். ராகுவை ஜெர்மன் மொழியில் எப்படி விளக்குவது? வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். அடுத்த செவ்வாய் ஐந்தரைக்குத்தான் இடமிருந்தது.

அந்த ஒரு வாரமும் கணவரின் காரில்தான் வேலைக்குப் போனேன். உணவகத்தில் வேலை முடித்துப் பிந்திப் படுக்கிற மனிதர், இடுப்பில் கட்டிய சாரத்தோடு மேலே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எழும்பி வருவார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு கேள்வி. மின்சாரக் காசு கட்டியாச்சா, மகள் ஏன் போன் எடுக்கவில்லை, மத்தியானத்துக்கு என்ன கறி. மூன்றாம் நாள், தான் என்ன எனக்கு டிரைவரா என்றும் கேட்டார். காரிலிருந்து இறங்கும்போதே நான் களைத்துப்போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில், மரக்கறி வெட்டிக்கொண்டே இந்தக் கதையைப் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னேன். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் அவர். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"தங்கச்சி, உங்கடை கலண்டர் எந்த ஊர் நேரம்? உது யாழ்ப்பாணத்து ராகு. இஞ்சை இப்ப சூரியன் எத்தினை மணிக்குப் படுது? பகல் நீள நீள ராகுவும் பிந்தும். இஞ்சத்தைக் கணக்குக்கு, செவ்வாய் ராகு பின்னேரம் அஞ்சே காலுக்குப் பிறகுதான் துடங்குது."

அப்படியென்றால் முதலில் தந்த மூன்றரை மணியில் ஒரு குற்றமும் இல்லை. நாங்கள் பாடுபட்டு மாற்றிய ஐந்தரைதான் ராகுகாலம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னாலிருந்த பூசணிக்காயைத் துண்டு துண்டாக்கினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் திரும்பவும் மாற்றச் சொன்னார். ஒரு வாரம் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

"எந்த ஊர் ராகு எண்டு நீங்கள் ஆறுதலா இருந்து யோசியுங்கோ. நான் செவ்வாய்க்கிழமை போறன்."

செவ்வாய்க்கிழமை நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வெளியே வந்தபோது, காரை நிறுத்திவிட்டுக் கையில் இரண்டு தேசிக்காய்களோடு நின்றார். நடைபாதையில் குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறி, தேசிக்காய்களைச் சக்கரத்தால் நசித்தேன்.

"மெல்ல ஓடும். நான் பின்னாலை காரிலை வாறன்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் உண்மையாகவே வந்துகொண்டிருந்தார், என் வேகத்தில், விளக்கை மினுக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே ஹோர்ன் அடித்தது. ஆசையாக வாங்கிய சைக்கிளில் முதல் பயணம், அதுவும் ஊர்வலமாக. ராகு என்னைப் பிடிக்கவில்லை, இவர்தான் பிடித்துவிட்டார் என்று வாய்க்குள் திட்டினேன்.

பாலத்துக்கு வந்ததும் இடப்பக்கம் திரும்பினேன். கால்வாய் ஓரமாகப் போகும் மண் பாதை அது. அதில் கார் வராது. பைக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. கியரை ஒன்று கூட்டிவிட்டு மிதித்தேன்.