முறைத் தண்ணீர்

சுயாட்சி என்ற வார்த்தையை யாராவது மைக்கில் சொன்னால் முன்பெல்லாம் நானும் கை தட்டுவேன். இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. வார்த்தை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைச் சொல்கிற வாய்களின் மேல்தான்.

துடியலூரைத் தாண்டி உள்ளே போனால், தோட்டமும் வீட்டு மனைகளும் மாறி மாறி வருகிற ஒரு கிராமம் எங்களுடையது. அதில் ஊர் தனி, எங்கள் காலனி தனி. நான் நூற்பாலையில் வேலை பார்த்தவள். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி முதல்முறையாக எங்கள் சமூகத்துப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது தேர்தலில் நின்றேன், ஜெயித்தேன். அதுவரைக்கும் அந்தப் பதவி ஊரில் ஒரே வீட்டில்தான் இருந்தது. முதலில் அப்பா, பிறகு மகன், பெண்களுக்கு என்று வந்த தடவை அந்த மகனுடைய மனைவி. அந்தம்மா கையெழுத்துப் போடுவார். மிச்சத்தை எல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பழைய தலைவர் என்று நான் சொல்லப்போவது அந்த வீட்டுக்காரரைத்தான்.

மில் பஸ்ஸுக்கு நிற்கிற காலத்தில் என்னை ‘ஏ புள்ள’ என்று கூப்பிட்ட மனுஷன், நான் ஜெயித்த மறுநாள் ‘அம்மணி’ என்றார். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை சொட்டியது.

“நீங்க எதுக்குங்க அம்மணி சிரமப்படறீங்க? கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க.”

“கையெழுத்துப் போடறதுக்கா நான் ஊடு ஊடா போயி ஓட்டுக் கேட்டனுங்க?”

சிரித்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது பாசி பிடித்த தரை மாதிரி. கால் வைத்தால்தான் தெரியும். முடியாது என்று யாருமே சொல்ல மாட்டார்கள். “ஆகட்டுங்க” என்பார்கள். ஒன்றும் ஆகாது. ஆபீஸ்காரர்கள் எனக்குச் சொல்ல வேண்டியதை என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். அவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். “தலைவர் அவளுங்க, அவகிட்டயே பேசுங்க” என்று பட்டென்று வைத்துவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் என் மனுஷன் தங்கம்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஆற்றுத் தண்ணீர் விடுகிற நாளில் வால்வை முதலில் ஊருக்குத்தான் திறப்பார்கள். ஊரில் அத்தனை வீட்டுத் தொட்டியும் நிரம்பி, வாசலுக்கும் தென்னைக்கும் பாய்ந்து, மிச்சம் இருந்தால் காலனிக்கு. எங்கள் குழாயில் அது நூல் போல வரும். பல நாள் வெறும் காற்றுதான் வரும். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எதிலும் இல்லை. முறையாம் முறை!

தண்ணீர் திறந்துவிடுகிறவரைக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு தடவை ஊருக்கு முதலில் விடுங்கள், அடுத்த தடவை காலனிக்கு முதலில் விடுங்கள் என்றேன். “ஆகட்டுங்க” என்றார். அடுத்த தடவையும் ஊருக்கே போனது. கேட்டால், “மறந்துபோட்டனுங்க” என்கிறார். அதற்கும் அடுத்த தடவையும் மறந்துபோனார். எனக்கு வந்ததே ஆத்திரம். மறுபடி தண்ணீர் விடுகிற அன்று காலையில் வால்வுக் குழிக்கு நானே போய் நின்றுகொண்டேன்.

“ஊருல ஏதாச்சும் சொல்லுவாங்களுங்க” என்று இழுத்தார்.

“சொல்றவங்கள எங்கிட்ட அனுப்புங்க. இப்பத் திருப்புங்க.”

திருப்பினார். நான் காலனிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா, குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அடியே, என்னடி இது, இப்படிக் கொட்டுது!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். எனக்கும்தான்.

பழைய தலைவர் அன்றைக்கே ஊராட்சி ஆபீசுக்கு வந்தார். “ஏனுங்க அம்மணி, ஊருக்குன்னு ஒரு மொற இருக்குதில்லீங்களா?” என்றார். “இருக்குதுங்க, அதத்தான் மாத்தியிருக்குதுங்க” என்றேன். அதற்குப் பிறகு என் பதவிக்காலம் முடிகிற வரைக்கும் அந்த முறை மாறவில்லை. மாற விடவில்லை நான்.

சுயாட்சி என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்த வால்வை எப்போது திறப்பது என்பதை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களே முடிவு செய்ய வேண்டும். முடிவு தப்பாகப் போனால் முடிவெடுத்தவளை வீட்டு வாசலில் வந்து திட்ட முடிய வேண்டும். என்னைத் திட்டாத நாள் உண்டா? அடுப்பில் தோசை தீய, வாசலில் நின்று ஊர்க்காரர்களும் திட்டினார்கள், காலனிக்காரர்களும் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். அதற்குத்தானே அந்தப் பதவி.

பதவிக்காலம் முடியப் போகிற சமயத்தில் பேப்பரில் செய்தி வந்தது. எங்கள் ஊராட்சியைப் பக்கத்து டவுனோடு சேர்க்கப் போகிறார்களாம். சேர்த்தால் நூறு நாள் வேலை போய்விடும். வீட்டு வரி ஏறும். தலைவர் என்று ஒருத்தியோ ஒருத்தனோ இனி ஊரில் இருக்கப் போவதில்லை. கிராம சபையைக் கூட்டினேன். சாதாரணமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிற பெண்கள் அன்றைக்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். சேரச் சம்மதமில்லை என்ற தீர்மானத்தை வாசித்தேன். ஊரும் காலனியும் ஒன்றாகக் கை தூக்கிப் பார்த்தது அன்றைக்குத்தான். பழைய தலைவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். எனக்கு அவர் மேல்கூட ஒரு மரியாதை வந்துவிட்டது என்றால் பாருங்களேன்.

தீர்மானத்தை அனுப்பினோம். சேர்த்தாகிவிட்டது என்று மாநில அரசின் உத்தரவு வந்தது. தீர்மானத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

நேரே ஒன்றிய ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மாதிரிதான், உட்காரச் சொன்னார்.

“தீர்மானம்கிறது உங்க கருத்துதாம்மா. முடிவு மேல எடுக்கறது.”

“எங்களக் கேக்காமயாங்க?”

“கேக்காம என்னம்மா? உங்க ஊர்ப் பெரியவங்களே நேர்ல வந்து, சீக்கிரம் சேத்துடுங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான போனாங்க. உங்களுக்கு முன்னாடி தலைவரா இருந்தவர்தான் கூட்டிக்கிட்டு வந்தாரு.”

எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ் துடியலூரில் நின்றது. ரோட்டோரம் மேடை போட்டிருந்தார்கள். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு நாள் எல்லோரும்தான் பேசுகிறார்கள். மேடையில் ஒருவர் டெல்லியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருந்தார்: எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவெடுக்க நீங்கள் யார்? கூட்டம் விசிலடித்தது. சரியான கேள்வி. நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. அந்தக் கேள்வியைத்தானே ஐயா நாங்களும் தீர்மானமாக எழுதி அனுப்பினோம்? மேலே பார்த்து உரிமை கேட்கிறவனுக்குக் கீழே பார்க்கும்போது மட்டும் கழுத்து பிடித்துக்கொள்கிறதா? ஜன்னல் வழியாகக் கத்திக் கேட்டிருப்பேன். பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்குப் போகாமல் பழைய தலைவரின் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். “வாங்க அம்மணி, உக்காருங்க” என்று பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டார். காப்பி வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளரில். எனக்குப் பேப்பர் கப்பில். நான் உட்காரவும் இல்லை, கப்பைத் தொடவும் இல்லை.

“கிராம சபையில கையத் தூக்குனீங்களே, அது எதுக்குங்க?”

முதலில் மழுப்பினார். ரோடு வரும் என்றார், சாக்கடை வரும் என்றார், நிலத்துக்கு விலை ஏறும் என்றார். நான் நகரவில்லை. கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தாமல், மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னார்:

“அடுத்த தடவையும் தலைவரு ஒதுக்கீடு உங்க பக்கந்தானாமுங்க அம்மணி. இன்னும் அஞ்சு வருசத்துக்கு உங்ககிட்ட இருக்கறதுக்கு, அது யாருகிட்டயும் இல்லாமப் போயிட்டாத் தேவலைங்க.”

அடப்பாவி மனுஷா! எங்களிடம் இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு ஊரின் வாயையே அடைத்துவிட்டு வந்திருக்கிறாய். நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர் வீட்டுக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பதவிக்காலம் முடிந்தது. இப்போது எங்களுக்குத் தலைவர் இல்லை, வார்டு மெம்பர் இல்லை, தேர்தல் எப்போது என்று சொல்ல ஆள் இல்லை. தண்ணீர் விடுகிற வேலை ஒரு காண்ட்ராக்டரிடம் போய்விட்டது. வால்வு திருப்ப வருகிறவர் புது ஆள், சின்ன வயது, வெளியூர்.

போன வாரம் எங்கள் குழாயில் மறுபடி காற்று வந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் வால்வுக் குழிக்குப் போனோம். அந்தப் புது ஆள் ஊருக்குத் திறந்துவிட்டுக் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை ஊருக்கு, ஒரு தடவை காலனிக்கு என்று இருந்த முறையைப் பொறுமையாகச் சொன்னேன். இந்தத் தடவை எங்களுடையது என்றேன். நல்ல பையன்தான். எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

“எனக்கொண்ணும் இல்லீங்கக்கா. ஊருல ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டுத் திருப்பறனுங்க” என்றார்.

“எந்த ஐயா?” என்றேன். அவர் அதற்குள் போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.