பாதி வரைந்த முகம்

எனக்குப் படம் வரையும் ஆசையெல்லாம் இருந்ததில்லை. ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவன் நான். கிராஃப் தாளில் மாங்காயும் மயிலும் அன்னமுமாகக் கட்டம் கட்டமாக நிரப்புவதுதான் பிழைப்பு. வாரம் ஆறு நாள் அதையே செய்துவிட்டு ஏழாம் நாளும் எவனாவது தூரிகையைத் தூக்கிக்கொண்டு போவானா? நான் போனேன். எழுபதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், ஒரு பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கென்று ஆறு மாத ஓவிய வகுப்பு நடந்தது. வீட்டைவிட்டுப் போன என் தம்பியின் முகத்தை வரைய வேண்டும், அதற்காகத்தான் சேர்ந்தேன். அங்கே யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

தம்பி போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்த காலை நேரம். அந்த வேலைக்குத் தெருவே வந்து நிற்கும். "இனிமே நான் தறியில உக்கார மாட்டேன்" என்று சொல்லிக் கையிலிருந்த கழியைக் கீழே போட்டான். இழைகள் சிக்கிக்கொண்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன். இருபத்திரண்டு வயதுக்காரனை, அத்தனை பேர் பார்க்க. அவன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பசித்தால் சாயங்காலம் வந்துவிடுவான் என்று நான் பாவின் சிக்கைப் பிரிக்கப் போய்விட்டேன்.

யார் கேட்டாலும் சென்னையில் சொந்தக்காரர் கடையில் இருக்கிறான் என்று சொன்னேன். அம்மாவையும் அப்படியே சொல்ல வைத்தேன். ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் என் வாயால் ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. ரகசியமாகக் காஞ்சிபுரம் போனேன், சேலம் போனேன், நெசவாளர் தெருக்களில் விசாரித்தேன். ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு போட்டோ இல்லை.

போட்டோ இல்லாததற்குக் காரணம் அம்மா. எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதற்குப் பிறகு இவன் பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, வலது மூக்கைக் குத்திக் கம்பி போட்டு, வாய்க்கு வந்த பெயரை வைத்தார்கள். எமனுக்கே பிடிக்காத பிள்ளை என்று காட்டுவதற்கு. போட்டோ பிடித்தால் கண் பட்டுவிடும் என்று கல்யாண வீடுகளில்கூட அம்மா அவனை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொள்வாள். பள்ளிக்கூடம் போகும்போது கம்பியைக் கழற்றிவிட்டார்கள். ஓட்டை மட்டும் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பள்ளமாக நின்றுவிட்டது. சிரித்தால் அந்தப் பக்கம் மூக்கும் வாயும் லேசாக மேலே ஏறும்.

வகுப்பில் எட்டுப் பேர் இருந்தோம். ஒரு நர்ஸ் அம்மா, ஆரணி–செய்யார் பஸ்ஸில் நடத்துனராக இருந்த ஒருவர், தறிக்காரர்கள் சிலர். வாத்தியார்தான் எல்லோரிலும் சின்னவர். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்த புதுசு. எங்களை அவர் சார் என்பார், நாங்களும் அவரைச் சார் என்போம். முதல் வாரமே எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். ஏரிக்கரையை வரையச் சொன்னால் தறிக்காரர்கள் தாளின் அடியிலிருந்து ஒவ்வொரு விரற்கடையாக வண்ணத்தை நிரப்பிக்கொண்டே மேலே போனார்கள்.

"வானத்துலேர்ந்து ஆரம்பிங்க சார்" என்றார் அவர்.

"அதெப்படிங்க, கீழ நெய்யாம மேல போறது?" என்றார் ஒருவர். நடத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்றாவது மாதம், தெரிந்த ஒருவரின் முகத்தைப் பார்க்காமல் வரையச் சொன்னார் வாத்தியார். நான் காத்திருந்த நாள் அது. தம்பியின் இடது பாதி முகத்தை மட்டும் வரைந்தேன். நெற்றி, புருவம், கண், பாதி மூக்கு, பாதி வாய். பிறகு தாளை நடுவில் மடித்து, பென்சில் கரியை அழுத்தித் தேய்த்து, மறுபாதியை அந்தப் பக்கம் இறக்கினேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். பூவானாலும் பறவை ஜோடியானாலும் பாதி போட்டால் போதும், மறுபாதி அதன் திருப்பம். நான் இதை யோசித்துச் செய்யவில்லை. பதினைந்து வருஷமாகப் பழகிய கை தானாகச் செய்தது.

முகம் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். "சினிமாக்காரர் மாதிரி இருக்காருங்க" என்றார் நர்ஸ் அம்மா. வாத்தியார் மட்டும் தாளின் நடு மடிப்பைப் பார்த்தார்.

"நல்லா இருக்குது சார். ஆனா யார் மூஞ்சியும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. இன்னொரு வாட்டி, மடிக்காம போட்டுப் பாருங்களேன்."

நேற்று முளைத்த பயலுக்கு என் கை மேல் பொறாமை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அவள் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். பெருவிரலால் மூக்கைத் தடவிப் பார்த்தாள்.

"யார்ரா இது?"

"உன் புள்ளதான்."

"மூக்குல ஓட்ட எங்கடா? எம்புள்ள இப்பிடியா இருப்பான்?"

"கண்ணு தெரியாம பேஜார் பண்ணாத" என்று அதட்டிப் படத்தைப் பிடுங்கிக்கொண்டேன். ஓட்டையைப் போட முயலாமல் இல்லை. ஒரு பக்கம் மட்டும் வைத்தபோது என் கண்ணுக்கு அது டிசைனில் விழுந்த பிசகாகத் தெரிந்தது. அழித்துவிட்டேன்.

அடுத்த வாரம் நடத்துனரைத் தனியாக அழைத்து, தெரிந்தவர் வீட்டுப் பையன், காணவில்லை, பஸ்ஸில் ஒட்ட முடியுமா என்று கேட்டேன். அப்போதும் என் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. பெயரும் எழுதவில்லை, ஊரும் எழுதவில்லை. 'காணவில்லை. பார்த்தவர்கள் நடத்துனரிடம் சொல்லவும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

"உடுங்க, தெனம் மூஞ்சி பாக்கறதுதான எம்பொழப்பு. இந்த மூஞ்சி ஏறிச்சின்னா கையப் புடிச்சு இட்டாந்துடறேன்" என்றார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினார். வகுப்பு முடிந்து எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகும் படம் அங்கேயே இருந்தது. நடத்துனரை வழியில் எங்காவது பார்த்தால், உதட்டைப் பிதுக்கி இல்லை என்று தலையாட்டுவார்.

அம்மாவுக்குச் சோறு இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. மழைக்காலம் தொடங்கியபோது படுத்தாள். "ஒருவாட்டி கண்ணுல காட்டுடா" என்பதைத் தவிர என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. பதினைந்தாம் நாள் போய்விட்டாள். கொள்ளி வைக்க நான் ஒருவன்தான் நின்றேன்.

நான்கு மாதம் கழித்துத் தம்பி வந்தான். செய்யார் போகும் வழியில் ஒரு செங்கல் சூளையில் இருந்திருக்கிறான். பக்கத்து ஊரான சேவூர்க்காரர் ஒருவர் செங்கல் வாங்கப் போன இடத்தில் பார்த்து அம்மா போனதைச் சொல்லியிருக்கிறார். வாசலில் உட்கார்ந்து அழுது தீர்த்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவனே பேச ஆரம்பித்தான்.

"யாராச்சும் தேடிகினு வருவீங்கன்னு பாத்துகினே இருந்தேண்ணா. வந்திருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்."

சொம்புத் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"சந்தைக்கு வாராவாரம் பஸ்ல போவேன். டிரைவருக்குப் பின்னால ஒரு படம் ஒட்டியிருப்பாங்க, காணாமப்போன ஆளுன்னு. நல்லா லட்சணமா இருப்பான். அந்த கண்டக்டர்கூட எங்கிட்டயே கேட்டாரு, இவன எங்கனா பாத்தியான்னு. இல்லன்னேன். அந்தப் படத்த பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவன அவங்க வூட்ல தேடறாங்களேன்னு."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். வலது பக்கத்தில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. சூளைப் புழுதி அதற்குள் சிவப்பாக அடைத்திருந்தது.

"உங்க ஓவியக் கிளாஸ்ல அந்தக் கண்டக்டரும் இருந்தார்னு சேவூர்க்காரர் சொன்னாரு. உனக்குத் தெரியுமாண்ணா? அந்தப் படத்துல இருந்த ஆளு கெடச்சானா?"

"கெடச்சிட்டான்" என்றேன்.

"அவங்கம்மா சந்தோஷப்பட்டிருப்பாங்க இல்ல?" என்றான்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் எழுந்து கை கால் கழுவப் போனான். அது யாருடைய படம் என்று இன்றுவரை அவனுக்குச் சொல்லவில்லை.