மடத்துச் சுவர் பழசில்லை

அந்த நாளிலை ஊருக்குள்ளை எனக்கொரு பட்டம் இருந்தது: 'பழசு பார்க்கிற ரீச்சர்.' பள்ளிக்கூடத்திலை சரித்திரம் படிப்பிச்சதைத் தவிர நான் வேறை ஒரு குற்றமும் செய்யேல்லை. ஆரும் கிணறு கலக்கி இறைக்கேக்கை ஒரு சட்டித் துண்டு வந்தால் போதும், உரும்பிராயிலை என்ரை படலையிலை ஒரு ஆள் சைக்கிளோடை நிக்கும். "ரீச்சர், இது எந்த ராசா காலத்துச் சாமான்?" அரைவாசி நாள் அது போன வருசத்துச் சட்டியாத்தான் இருக்கும். அதைச் சொன்னால், நானே உடைச்சுப் போட்ட மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்திட்டுப் போவினம்.

கரைச்சல்தான், ஆனாலும் எனக்கு அதிலை பெருமை. ரீச்சர் பழசெண்டால் பழசு, இல்லையெண்டால் இல்லை, முகத்துக்காகக் கதைக்கமாட்டா எண்டு பேர். அந்தப் பேர் மட்டும் எனக்கு இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

தொண்ணூறுகளின்ரை தொடக்கம் அது. சண்டையாலை சீமெந்தைக் கண்ணாலை காணேலாத காலம். கோப்பாயிலை வயல்கரையோடை ஒரு மண் மடம் இருந்தது. முந்தி நடையாய்க் கோயிலுக்குப் போற சனம் இரவிலை தங்கிப் போகக் கட்டினது. பனையோலைக் கூரை, அதைத் தாங்கக் கனத்த பனந்தீராந்தி, ஒரு முழத் தடிப்பிலை மண்சுவர். அதைப் பார்க்கிற மனேச்சர் ஐயா வயசாளி. "எங்கடை பூட்டன் தன்ரை கையாலை மண் மிதிச்சுக் கட்டினது" எண்டு சொல்லேக்கை அந்த மனுசன் ஒரு அங்குலம் வளருவார். பிள்ளையளெல்லாம் வெளிநாட்டிலை. மிச்சமாய் அவருக்கு இருந்தது அந்த மடம்தான்.

ஒருநாள் அவர் என்னட்டை வந்தார். மடத்திலை குருநகர்ப் பக்கத்திலையிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் இருக்குது, கடலுக்குப் போற ஆக்கள், தாய் தேப்பனும் மூண்டு பிள்ளையளும். பிள்ளையார் மாடத்துக்குப் பக்கத்திலை அவை மாதா படம் வைச்சிருந்ததைக்கூட ஐயா பிழையாய் எடுக்கேல்லை. ஆனால் ஊர்ப் பெரியாக்கள் சிலபேர், மடம் உண்மையிலை பழசெண்டால் ஆக்கள் புழங்காமல் வேலியடைச்சுக் காப்பாத்த வேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிண்டவையாம்.

"நீர் பார்த்துச் சொல்லும் பிள்ளை" எண்டார். "பழசெண்டால் உவையைப் பள்ளிக்கூடத்து அகதி முகாமுக்கு அனுப்பத்தான் வேணும். இல்லையெண்டால் இருந்திட்டுப் போகட்டும், ஆருக்கு நட்டம்?"

"அப்ப என்ரை சொல்லிலைதான் எல்லாம் கிடக்கோ ஐயா?"

"வேறை ஆர் இருக்கினம்?"

எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு நிமிசம்கூட யோசிக்காமல் ஓமெண்டிட்டன்.

சாக்குத் தைக்கிற ஊசி ஒண்டும் பேனாக்கத்தி ஒண்டும் கொண்டு போனன். மண்சுவருக்கு வயசு சொல்லுறது லேசுப்பட்ட வேலையில்லை. கல்லெண்டால் கொத்தின அடையாளம் இருக்கும். மண்சுவருக்கு வெளித்தோல் எப்பவும் புதுசு. ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னமும் செம்மண்ணையும் சாணியையும் குழைச்சுப் பூசுவினம். நீங்கள் ஆசையாய்த் தடவிப் பார்க்கிறது போன வருசத்துச் சுவரைத்தான். நான் மூலையொண்டிலை கத்தியாலை மெல்லச் சுரண்டினன். பூச்சுக்கு மேலை பூச்சு, ரொட்டி அடுக்கின மாதிரி. அதுக்கங்காலை இறுகின மண், உமி, வைக்கோல் உக்கிப்போன ஓட்டையள். ஊசி இறங்கவே மாட்டனெண்டுது. பழசுதான், மருந்துக்கும் சந்தேகமில்லை.

அந்தத் தாய் வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டு வந்தா. என்னைவிட ஒரு ஐஞ்சாறு வயசு கூட இருக்கும். "சுவர் என்னவாம் ரீச்சர்?" எண்டா.

"பழசக்கா! அருமையான சுவர்!" எண்டு நான் சின்னப்பிள்ளை மாதிரிக் குதிச்சன். அவவின்ரை முகம் செத்துப் போச்சு. அப்பதான், விசரி, நான் ஆருக்கு என்ன சொல்லிப்போட்டு நிக்கிறன் எண்டு எனக்கு உறைச்சுது.

அவ என்னை வடக்குப் பக்கச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கை கையாலை ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்தா. உள்ளுக்கை நீல நைலோன் நூல், முடிச்சு முடிச்சாய்.

"போன மாரிக்கு இந்தப் பக்கம் கரைஞ்சு விழுந்தது. வைக்கோலுக்கு நாங்கள் எங்கை போறது? கடலுக்குப் போகேலாது, வலை சும்மா கிடந்து எலி வெட்டுது. பிள்ளையளின்ரை தேப்பன் ஐயாவுக்குத் தெரியாமல் வலையை வெட்டி மண்ணோடை குழைச்சுக் கட்டினவர். இது புதுசுதானே ரீச்சர்?"

"இது மட்டும்தான் புதுசு."

"இதை மட்டும் காட்டுங்கோவன்."

எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சு. "என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"ஓம்" எண்டா. கண்ணைத் தாழ்த்தவுமில்லை. "பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கை சின்னவளுக்கு வயித்தோட்டம் பிடிச்சுது. தப்பினது அருந்தப்பு. திருப்பி அங்கை கொண்டுபோனால் அவள் இருக்கமாட்டாள் ரீச்சர்."

சின்னவள் வாசலிலை இருந்து என்ரை பேனாக்கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலும் கையும் ஈர்க்கு.

மனேச்சர் ஐயா பின்னேரம் வந்தார். நான் அவரை நேரை வடக்குச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போய் நீல நூலைக் காட்டினன். "நைலோன் வந்த பிறகு கட்டின சுவர் ஐயா. பூட்டன்ரை சுவர் எப்பவோ விழுந்திருக்க வேணும். உது பழசில்லை" எண்டன். குரல் தளம்பக்கூட இல்லை.

அவர் நூலைத் தொட்டுப் பார்த்தார். சுவரை உள்ளங்கையாலை ஒருக்காத் தடவினார். மற்றச் சுவரையும் பார்ப்பம் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் நான் பிடிபட்டிருப்பன். கேக்கேல்லை. "நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும், பிள்ளை" எண்டிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓடேல்லை.

சைக்கிள் மிதிச்சு வீட்டை வரேக்கை எனக்கு நானே வழக்காடினன். வைக்கோலுக்குப் பதிலாய் வலை, கையிலை கிடைச்சதைக் குழைச்சுக் கட்டுறதுதானே மண்சுவர்? பூட்டன் செய்ததும் அதுதானே? அப்பிடிப் பார்த்தால் நான் சொன்னது முழுப்பொய் இல்லை எண்டெல்லாம் எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டினன். அந்தக் கதையின்படி பார்த்தால் அது இன்னும் பூட்டன்ரை சுவர்தான் எண்டெல்லோ வரும்? அதை எனக்குச் சுட்டிக்காட்ட அப்ப ஒருத்தரும் பக்கத்திலை இல்லை.

கொஞ்சக் காலம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. சின்னவள் ஒரு சுற்றுப் பருத்தும் விட்டாள். பேந்து குண்டுவீச்சு மெத்திச்சுது. ஒழுங்கைச் சனம் சேர்ந்து பெரிய பங்கர் ஒண்டு வெட்டிச்சினம். மேலை போட மரம் வேணும். மடத்துத் தீராந்தியளை அதுக்கு முன்னமும் ஆக்கள் கேட்டவை. "பூட்டன் வைச்ச மரம், என்ரை உயிர் இருக்குமட்டும் தொடவிடன்" எண்டு கலைச்சு விட்டவர் மனேச்சர் ஐயா. இந்த முறை அவர் தடுக்கேல்லை. பழசில்லாத மடம்தானே. மரத்தைக் கழட்டினது சின்னவளின்ரை தேப்பன். பங்கர் அவைக்கும் சேர்த்துத்தான். ஆரைப் பிழை சொல்லுறது?

கூரையிருந்த இடத்திலை தறப்பாள் கட்டிச்சினம். மாரி தொடங்கினதும் காத்து அதைக் கிழிச்சுப் போட்டுது. மண்சுவருக்குத் தலையிலை தண்ணி இறங்கினால் பிறகென்ன? ஒருத்தருக்கும் காயமில்லாமல், கஞ்சி மாதிரி இளகிச் சரிஞ்சு போச்சு. அந்தக் குடும்பம் சட்டிபானையோடை பள்ளிக்கூடத்துக்கே போச்சினம்.

சின்னவளைப் பார்க்கப் போனன். சாக்கிலை சுருண்டு கிடந்தாள், திரும்பவும் அதே வருத்தம். தாய் எழும்பி எனக்கு இடம் விட்டா. "நீங்கள் எங்களுக்காண்டி வாய் திறந்தனீங்கள், அது காணும் ரீச்சர்" எண்டா. எனக்கு நிலத்துக்கை போகலாம் போலை இருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டியது ஒண்டே ஒண்டுதான்: 'பழசுதான் ஐயா, வருசா வருசம் ஆக்கள் பூசிப் பூசித்தான் உது இவ்வளவு காலம் நிண்டது, இவையை வெளியிலை அனுப்பினால் சுவர் போயிடும்.' உண்மையும் அதுதான். அவை இருக்கிறதுக்கான நியாயமும் அதுதான். பழசெண்டால் ஆளில்லாமல் இருக்க வேணும் எண்டு நானும் அந்தப் பெரியாக்களைப் போலைதான் நினைச்சிருந்தன்.

பள்ளிக்கூடத்தாலை நேரை மடத்தடிக்குப் போனன். ஐயாவிட்டை உண்மையைச் சொல்லிப்போட வேணும், ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை எண்டு முடிவோடை போனன். அவர் குடையைப் பிடிச்சுக்கொண்டு மண்கும்பிக்கு முன்னாலை தனிய நிண்டார். சுவர் இருந்த இடத்திலை செந்தண்ணி தேங்கி நிண்டுது. என்னைக் கண்டதும் குடைக்குள்ளை வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஐயா…" எண்டு தொடங்கினன்.

"நீர் அண்டைக்குப் பார்த்துச் சொன்னது எவ்வளவு புண்ணியம், பிள்ளை" எண்டார். "உண்மையாய்ப் பூட்டன்ரை சுவராய் இருந்திருந்தால், அதை நானே கழட்டக் குடுத்தன் எண்டு நினைச்சு நினைச்சே செத்திருப்பன். நல்ல காலம், பழசில்லை."

அவரின்ரை கண்ணைப் பார்த்தன்.

"ஓம் ஐயா" எண்டன். "நல்ல காலம்."