பழைய கார்டில் இல்லாத எண்ணிக்கை

தலைப்பிரசவத்துக்காகத் தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கொழும்பில் பார்த்த வேலைக்கு லீவு போட்டாலும், ஆசைக்காகச் செய்துவந்த ஒன்றை மட்டும் விடவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்காக உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் எழுதி அனுப்பும், கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்களைப் படித்துப் பிழை சொல்வதுதான் அது. அம்மா இதை வெளியே எப்படிச் சொன்னாரோ, பக்கத்து வீட்டு அத்தை வந்து கேட்டார்:

"ஏம்மா, கார் வாங்கிட்டீங்களா? டிரைவர் பாக்குறியாமே?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

தோட்டத்தில் இண்டர்நெட் இல்லை. த்ரீவீலரில் டவுனுக்கு இறங்கி நானாவின் கொமியூனிகேஷனில் உட்காருவேன். ஊரே போன் பேசவும் இண்டர்நெட் பார்க்கவும் வரும் சின்னக் கடை. நானா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த முஸ்லிம் கடைக்காரர், என்னைக் கண்டதும் மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியைத் தந்துவிடுவார்.

ஒரு நாள் வெளிநாட்டு மாணவி ஒருத்தியின் நிரல் வந்தது. கேர்னலுக்கு அவள் எழுதிய முதல் நிரல். கம்ப்யூட்டரை இண்டர்நெட்டோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு எவ்வளவு தரவை வாங்கியது, எவ்வளவைத் தவறவிட்டது என்று கார்டே எண்ணி வைத்திருப்பதை எடுத்துக் காட்டும். அழகாக எழுதியிருந்தாள். ஆனால் அந்த எண்ணும் வசதி புதிய கார்டுகளில்தான் உண்டு. அவள் நிரலோ எந்தக் கார்டு என்று பார்க்காமலே கேட்டது. நானாவின் கடையில் முன் கம்ப்யூட்டரில் புதியது இருந்தது, பின்னால் கிடந்ததில் பழையது இருந்தது.

"நானா, பின்னால சும்மா கெடக்குற கம்ப்யூட்டர்ல ஒன்னு போட்டுப் பாக்கட்டுமா?"

"பாருங்க தங்கச்சி. கடைய மட்டும் பத்த வச்சிராதீங்க."

போட்டேன். எண்ணிக்கையைக் கேட்டதும் திரை அப்படியே நின்றது. மவுஸ்கூட அசையவில்லை.

"அல்லாவே, மௌத்தாயிருச்சா?"

"இல்ல நானா. அதுகிட்ட இல்லாதத கேட்டுட்டோம், அதான் முழிக்குது."

அணைத்துப் போட்டதும் உயிர் வந்தது. நடந்ததை அவளுக்கு எழுதினேன். திருத்தி அனுப்பினாள். இப்போது கம்ப்யூட்டர் நிற்கவில்லை. பழைய கார்டுக்கு எல்லா இடத்திலும் பூச்சியம் காட்டியது. அதுவும் தப்பு. பூச்சியம் என்றால் எதுவும் தவறவில்லை என்று அர்த்தம். எண்ணவே இல்லை என்பது வேறு. வசதி உண்டா என்று முதலிலேயே பார், இல்லையென்றால் அந்த வரிகளையே காட்டாதே என்று எழுதினேன்.

அனுப்பும் முன் கை நின்றது. என் முதல் நிரலுக்கு வந்த பதிலைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிப்பறையில் அழுதவள் நான். எழுதியதற்கு மேலே போய் முதல் வரியாகச் சேர்த்தேன்: 'மற்ற இடங்களில் நான் கை வைக்க ஒன்றுமே இல்லை.'

மூன்றாவது தடவை அவள் அனுப்பியதைப் போட்டதும் பழைய கார்டு பேசாமல் தன் வேலையைப் பார்த்தது. புதிய கார்டு இருந்த முன் கம்ப்யூட்டரில் எண்கள் வந்தன. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த சிங்களப் பெண்ணைக் கூப்பிட்டு இதில் ஒரு படம் திறக்கச் சொன்னேன். எண்கள் குதித்து ஏறின.

"மரு நே!" என்று சிங்களத்தில் வியந்து அவள் கைதட்டினாள். நானா இன்னும் பெரிய படமாகத் திறக்கச் சொன்னார். அது முடிந்ததும் இன்னொன்று.

நிரலைக் கேர்னலில் சேர்த்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் நடைவழியில் தோழிகளோடு ஆடியதாக அவள் எழுதியிருந்ததை நானாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் உடனே வீட்டுக்கு ஆளனுப்பி, மனைவி தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுச் செய்த வட்டிலாப்பத்தை வரவழைத்தார். இனிப்பைக் குறைக்கும்படி டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் இரண்டாவது துண்டையும் சாப்பிட்டேன்.